கண்டவர் யார்?

குரங்கு மனிதனாக மாறியதைத் தம் இரு கண்களாலும் கண்டவர் யார்? உயிரற்ற சேற்றிலிருந்து உயிர் எழுந்த காட்சியை அருகே நின்று பார்த்தவர் யார்? கேள்வி எழுகிறது, கேட்டவர் முகத்திலே வெற்றிப் புன்னகை அரும்புகிறது, சுற்றியிருப்போர் கைதட்டுகின்றனர். டார்வின் வீழ்ந்தார், விஞ்ஞானம் வாயடைத்தது, வைதிகம் வென்றது என்று எண்ணி மகிழ்ந்து வீடு திரும்புகின்றனர்.

திண்ணையிலே கேட்கப்பட்ட கேள்வியாக இருந்திருந்தால் நாமும் சிரித்துவிட்டு நம் வேலையைப் பார்த்திருப்போம். ஆனால் இதனைக் கேட்டவர் இந்திய ஒன்றிய அரசிலே கல்வியைக் கவனிக்கும் துறையின் இணை அமைச்சராக அமர்ந்திருந்தவர். 2018 சனவரித் திங்களில், அப்போது அவுரங்காபாத் எனப்பட்ட மராட்டிய நகரில், அமைச்சர் சத்யபால் சிங் செய்தியாளரிடம் சொன்னார்: டார்வின் கொள்கை விஞ்ஞான முறைப்படி தவறு, குரங்கு மனிதனானதைக் கண்டதாக நம் முன்னோர் எவரும் எழுதியதும் இல்லை, சொன்னதும் இல்லை, ஆகவே பள்ளிப் பாடமும் கல்லூரிப் பாடமும் மாற்றப்பட வேண்டும். நாட்டின் மூன்று விஞ்ஞானக் கழகங்கள் ஒன்றுகூடி அறிக்கை விடுத்து இதனை மறுத்தன. கழகங்கள் மறுத்தன, ஆனால் கேள்வி மறையவில்லை. மேடையிலே இருக்கிறது, கோவில் மண்டபத்திலே இருக்கிறது, கைப்பேசிகளிலே ஓடுகிறது. பள்ளியிலே ஆசிரியர்களாகிய நம்மிடம் பிள்ளைகளும் கேட்கின்றனர். ஆகவே பதில் சொல்லியாக வேண்டும்.

சாட்சியும் சான்றும்

முதலில் ஒரு விந்தையைச் சொல்லுவோம். கண்ணால் கண்ட சாட்சி கேட்ட அந்த அமைச்சர், அரசியலுக்கு வருமுன் எந்தப் பதவியிலே இருந்தார் தெரியுமா, தோழர்களே? மும்பை மாநகரக் காவல்துறையின் ஆணையராக!

நள்ளிரவு, ஆளில்லாத வீடு, கொலை நடந்திருக்கிறது. கண்டவர் எவருமில்லை. காவல் ஆணையர் என்ன செய்வார்? "கண்டவர் யாருமில்லை, ஆகவே கொலையே நடக்கவில்லை" என்று கோப்பை மூடுவாரா? கைரேகை எடுக்கச் சொல்லுவார். குருதித் துளியைச் சோதிக்கச் சொல்லுவார். காலடித் தடத்தை அளக்கச் சொல்லுவார். ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பார். சாட்சி பொய் சொல்லக்கூடும், பணத்துக்கு மாறக்கூடும், அச்சத்தால் பிறழக்கூடும். தடயம் பிறழாது, அதைப் படிப்பவன் தவறினால், அடுத்தவன் திரும்பப் படித்துத் திருத்தலாம். குற்றவாளியைத் தேடும்போது இந்த நியாயம். மனிதன் தோன்றிய வரலாற்றைத் தேடும்போது மட்டும் வேறொரு நியாயமா?

மேலும், கேள்வியே பிழையானது. இன்று மரத்திலே தாவும் குரங்கு நாளை மனிதனாகும் என்று டார்வின் எங்கும் சொல்லவில்லை. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் ஏறத்தாழ 60, 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பொதுவான மூதாதை இருந்தது என்பதே இன்றைய விஞ்ஞானத்தின் முடிவு. சிம்பன்சி நமக்குப் பாட்டன் அல்ல, ஒன்றுவிட்ட உறவினன். 1974-ல் எத்தியோப்பியாவில் கிடைத்த, 32 இலட்சம் ஆண்டுப் பழைமையுள்ள "லூசி" எனும் எலும்புக்கூட்டைப் பாருங்கள்: மண்டை சிறிது, குரங்கினுடையதைப் போல, இடுப்பும் முழங்காலும் நிமிர்ந்து நடந்தவருடையவை. சிம்பன்சிக்கு 24 இணை நிறப்புரிகள், நமக்கு 23. ஓர் இணை எங்கே போயிற்று? நம் இரண்டாம் நிறப்புரியைச் சோதித்தனர்; இரண்டு பழைய நிறப்புரிகள் முனையோடு முனை ஒட்டிய தழும்பு அதன் நடுவிலே இருக்கிறது. கைரேகை கேட்டீர்களே, அமைச்சர் அவர்களே, இதோ, உங்கள் உடலின் ஒவ்வோர் அணுவறையிலும் பதிந்து கிடக்கிறது!

இரண்டு கேள்விகள்

இந்த இடத்திலே பழைமை விரும்பிகள் ஒரு தந்திரம் செய்கின்றனர். "அதெல்லாம் இருக்கட்டும், முதல் உயிர் எப்படி வந்தது? அதை உங்கள் விஞ்ஞானி இன்னும் சொல்லவில்லையே! ஆகவே அத்தனையும் பொய்" என்கின்றனர்.

இரண்டு கேள்விகளை ஒரே மூட்டையாகக் கட்டுகின்றனர். நாம் அவிழ்த்துப் பிரித்து வைப்போம். தோன்றிய உயிர் எப்படிப் பல்லாயிரம் வகையாகப் பெருகியது என்பது ஒரு கேள்வி. அதற்கு 1858-ல் டார்வினும் வாலஸும் முன்வைத்த இயற்கைத் தேர்வு எனும் விடை, ஒன்றரை நூற்றாண்டுச் சோதனைகளைத் தாங்கி நிற்கிறது. முதல் உயிர் எப்படித் தோன்றியது என்பது வேறு கேள்வி. அதற்கு முழு விடை இன்னும் கிட்டவில்லை. இதனை ஒளிக்கத் தேவையில்லை, உரக்கவே சொல்லுவோம். முதல் பயிர் எங்கே விளைந்தது என்று தெரியாததால், இன்று வயலிலே நெல் வளரும் முறையும் தெரியாது என்று எவனாவது சொல்லுவானா?

முழு விடை இல்லை என்றால் ஒன்றுமே இல்லை என்று பொருளல்ல. உயிர்ப்பொருள் வேறு, சடப்பொருள் வேறு, நடுவே தாண்ட முடியாத மதில் என்று முன்னாளில் நம்பினர். 1828-ல் ஜெர்மானியர் வோலர், சிறுநீரிலே உள்ள யூரியாவைச் சோதனைச் சாலையிலே செய்து காட்டினார். மதிலிலே முதல் கல் பெயர்ந்தது. 1924-ல் ருசியாவின் ஓபாரினும், 1929-ல் இங்கிலாந்தின் ஹால்டேனும், ஒருவரையொருவர் அறியாமலே, ஆதிப் புவியின் கடலிலும் காற்றிலும் எளிய பொருள்கள் சேர்ந்து சேர்ந்து உயிரின் மூலப்பொருள்கள் உருவாயிருக்க வேண்டும் என்றனர். 1953-ல் சிகாகோவிலே ஸ்டான்லி மில்லர் எனும் இளைஞர், மீத்தேன், அம்மோனியா, ஐதரசன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் கலத்திலே அடைத்து மின்பொறி பாய்ச்சினார். ஒரே வாரத்தில், புரதத்தின் செங்கற்களாகிய அமினோ அமிலங்கள் அதிலே இருந்தன. மில்லர் மறைந்தபின், அவர் மூடிவைத்த பழைய குப்பிகளை 2008-ல் புதிய கருவிகளால் சோதித்தபோது, அவர் கண்டதைவிட மேலும் பல வகைகள் அவற்றிலே கிடைத்தன.

நம் அண்டை நாட்டிலும் ஒருவர் உண்டு. ஈழத்தீவின் காலியிலே 1923-ல் பிறந்த சிரில் பொன்னம்பெருமா. அவர் முதலிலே பட்டம் பெற்றது எங்கே? சென்னைப் பல்கலைக்கழகத்தில், எந்தத் துறையிலே? தத்துவத்தில்! பின்னர் வேதியியல் கற்று, அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனத்திலே உயிரின் தோற்றத்தை ஆராய்ந்தார். 1969-ல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் வானத்திலிருந்து விழுந்த கல்லிலே அமினோ அமிலங்கள் இருப்பதை அவரது குழு 1970-ல் அறிவித்தது. அண்மையில், பென்னு எனும் குறுங்கோளிலிருந்து 2023-ல் கொண்டுவரப்பட்ட மண்ணிலே, உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14-ம், மரபுப் பொருளின் ஐந்து அடிப்படைக் காரங்களும் இருந்தன என்று 2025 சனவரியில் அறிவித்தனர். உயிரின் செங்கற்கள் தேவலோகத்து இரகசியங்கள் அல்ல. இயற்கை தானே சுட்டுத் தள்ளும் சாதாரணக் கற்கள்.

செங்கல்லிருந்து வீடு எப்படி எழுந்தது? அங்கேதான் இன்றைய ஆராய்ச்சி நிற்கிறது. தன்னைத்தானே படியெடுக்கவும், வேதி வினைகளை நடத்தவும் ஒரே பொருளால் இயலுமா என்பது சிக்கல். ஆர்.என்.ஏ. எனும் மூலக்கூறு இரண்டையும் செய்யக்கூடும் என்பதற்குச் சான்றுகள் வந்துள்ளன. அது வினையூக்கியாகவும் இயங்குவதைக் கண்டறிந்தமைக்கு 1989-ல் செக், ஆல்ட்மன் ஆகியோர் நோபல் பரிசு பெற்றனர். நம் உடலிலே புரதம் நெய்யும் தறியாகிய ரைபோசோமின் உட்கட்டமைப்பை வெளிப்படுத்தியமைக்கு 2009-ல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர், 1952-ல் சிதம்பரத்திலே பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். அந்தத் தறியின் நெய்யும் இடம் புரதத்தால் ஆனதன்று, ஆர்.என்.ஏ.வால் ஆனது! புரதங்கள் வருமுன்னரே ஆர்.என்.ஏ. வேலை செய்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான தடயம் அரிது. சிதம்பரம் என்றதும் இரகசியத்தையே எண்ணுவோர், அங்கே பிறந்தவர் அவிழ்க்க உதவிய இந்த இரகசியத்தையும் எண்ணட்டும்.

ஐயத்தின் இரு வகை

"நாங்களும் ஐயப்படுகிறோம், நீங்கள் மட்டுந்தான் ஐயப்படலாமா?" என்று கேட்கின்றனர். தாராளமாக ஐயப்படுங்கள்! ஐயம் எமது பாசறையிலே வடித்த வாள். அதை நீங்களும் ஏந்த வந்தால் மகிழ்வோம். ஆனால் உங்கள் கையிலே இருப்பது வாள்தானா என்று பார்த்துவிடுவோம்.

அலகாபாத் பல்கலைக்கழகத்தின் கிருஷ்ண பகதூர் எனும் வேதியியலார், 1960-களில், ஒளி படும் கரைசலில் நுண்ணிய உருண்டைகள் உருவாகி, வளர்ந்து, மொட்டுவிட்டுப் பெருகுவதாகச் சொன்னார். "ஜீவாணு" என்று அவற்றுக்குப் பெயரும் சூட்டினார். இந்தியர், உயிரைச் சோதனைச் சாலையிலே ஆக்கியதாகச் சொல்கிறார், உயிர் இயற்கையிலே தானே தோன்றியது என்போருக்கு எத்துணைப் பெரிய வெற்றி! விஞ்ஞான உலகம் மாலை போட்டு வரவேற்றதா? இல்லை. எங்கள் பக்கத்து வாதம் என்பதற்காக எவரும் ஏற்கவில்லை. அந்த ஆய்வேடுகளைப் பரிசீலித்தோருள் பொன்னம்பெருமாவே ஒருவர். அவற்றின் இயல்பு இன்னும் தெளிவுபட வேண்டும் என்பதே கிடைத்த தீர்ப்பு. அந்தக் கூற்று இன்றுவரை ஒப்புக்கொள்ளப்படவில்லை. இதுதான் ஐயம்! தன் கட்சிக்காரனையும் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்யும் ஐயம்.

மற்றொரு சான்று. கொழும்பிலே பிறந்த சந்திரா விக்கிரமசிங்கேயும், வானியலறிஞர் பிரெட் ஹாய்லும், உயிர் புவியிலே தற்செயலாகத் தோன்றியிருக்க முடியாது, விண்வெளியிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்று வாதிட்டனர். பெரும்பாலான விஞ்ஞானிகள் அதனை ஏற்கவில்லை. ஆயினும் அவர்களைச் சிறையிலே தள்ளவில்லை, நாவை அறுக்கவில்லை. கணக்கைக் காட்டு, சான்றைக் காட்டு என்றனர். இந்த எதிர்ப்பாளரை 1981-ல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம் தன் பக்கத்துச் சாட்சியாக அழைத்தது. படைப்புக் கதையையும் பள்ளியிலே கற்பிக்க வேண்டும் என்ற சட்டத்தைக் காக்க! கூண்டேறியவர் டார்வினை மறுத்தார். ஆனால், புவி சில ஆயிரம் ஆண்டு வயதுடையது என்ற மதவாதியின் கணக்கை அவராலும் தாங்கிப் பிடிக்க இயலவில்லை. சட்டம் வீழ்ந்தது.

இவ்வாறு விஞ்ஞானியின் ஐயம் ஒரு கதவைத் திறக்கிறது: "இது போதாது, இன்னும் தேடு" என்கிறது. வைதிகனின் ஐயமோ கதவைச் சாத்துகிறது: "இது போதாது, ஆகவே தேடாதே, ஏட்டிலே எழுதியிருப்பதை நம்பு" என்கிறது. டார்வினிடம் கண்ட சாட்சி கேட்பவன், பாற்கடலைக் கடைந்ததற்குச் சாட்சி கேட்டதுண்டா? விஞ்ஞானத்துக்கு ஒரு தராசு, புராணத்துக்கு ஒரு தராசு! கள்ளத் தராசு பிடிக்கும் வணிகனை ஊர் ஏசும். கள்ளத் தராசு பிடிக்கும் ஐயவாதியை மேடையேற்றி மாலையிடுவதா?

காலடியில் கிடக்கும் ஏடு

சான்று கேட்போர் இலண்டனுக்குப் போக வேண்டாம். நம் மாவட்டத்தை ஒட்டிய நிலத்திலேயே கிடக்கிறது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலே, ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழைமையுள்ள மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 1781-லேயே பிரெஞ்சு நாட்டு இயற்கையறிஞர் சொனரா அவற்றைக் குறித்து வைத்தார். அவை புதைந்திருந்த பாறைக்கு நிலவியலார் இட்டுள்ள பெயர் என்ன தெரியுமா? கடலூர் மணற்கல்! நம் மாவட்டத் தலைநகரின் பெயர் உலகத்து நிலவியல் ஏடுகளிலே நிலைத்திருக்கிறது.

அந்தக் கற்களைப் பற்றி ஊரிலே ஒரு கதையும் உண்டு: அசுரனை வதைத்தபோது சிதறிய எலும்புகளாம். கதையும் விஞ்ஞானமும் பக்கத்துப் பக்கத்திலே கிடக்கின்றன, இரண்டையும் சோதியுங்கள். கல்லை மெலிதாகச் சீவி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் மரத்தின் நாளங்கள் தெரிகின்றன. வேர் இல்லை, கிளை இல்லை. ஆகவே வெள்ளம் அடித்து வந்து புதைத்தது என்று ஊகிக்கின்றனர். மணல்நீரிலே கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் அணுவறைகளிலே படிந்து படிந்து கல்லாக்கியது. அசுரக் கதையை எதைக் கொண்டு சோதிப்பது? சோதிக்கவும் வழியில்லை, திருத்தவும் வழியில்லை. தலையாட்ட மட்டுமே வழியுண்டு.

அங்கிருந்து தென்மேற்கே செல்லுங்கள். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரிலே 18 மீட்டருக்கு மேல் நீண்ட கல்மரம் கிடக்கிறது. திருவக்கரை மரங்களைவிடப் பலமடங்கு மூத்தது. அரியலூரிலே, இன்று கடலே இல்லாத அந்தச் செம்மண் காட்டிலே, கடற்சிப்பிகளும் சுருள்சுருளான அம்மோனைட்டுகளும் கல்லாகிக் கிடக்கின்றன. டைனோசர் எலும்புகளும் கிடைத்தன. அங்கே வெட்டும் சுண்ணாம்புக்கல்லிலேதான் சிமெண்டு ஆகிறது. கோடி கோடி ஆண்டுக்கு முன் மடிந்த கடலுயிரின் ஓடுதான் நம் வீட்டுச் சுவராக நிற்கிறது! பழைய அடுக்கிலே பழைய உயிர், புதிய அடுக்கிலே புதிய உயிர். அம்மோனைட்டு கிடக்கும் அடுக்கிலே மனித மண்டையோடு கிடைத்ததில்லை. ஒரே நாளிலே எல்லாம் படைக்கப்பட்டிருந்தால் இந்த ஒழுங்கு ஏன்?

பழங்கதை வேண்டாம், இன்றே நடப்பதைக் காட்டு என்பார்க்கு, குமராட்சி வட்டாரத்து நெல்வயலே போதும். புகையான் எனும் பூச்சியை அறியாத உழவர் உண்டோ? தூரிலே அமர்ந்து சாற்றை உறிஞ்சி, பயிரைத் தீய்ந்ததுபோல் ஆக்கும் பூச்சி. மருந்து அடிக்கிறோம், பெரும்பாலானவை சாகின்றன. ஏதோ ஒரு சிறு மாறுதலால் மருந்தைத் தாங்கும் சில மட்டும் தப்புகின்றன. அவை பெருகுகின்றன; அவற்றின் வாரிசுகளும் தாங்குகின்றன. சில ஆண்டில் "முன்னே கேட்ட மருந்து இப்போது கேட்கவில்லையே" என்று உழவர் கைபிசைகிறார். புகையானைத் தாங்கும் ஐ.ஆர். 26 நெல்லை 1973-ல் பிலிப்பைன்சிலே வெளியிட்டனர். சில ஆண்டுகளிலேயே அந்நெல்லையும் உண்ணும் புகையான் கூட்டம் எழுந்தது. மாற்றாக 1976-ல் ஐ.ஆர். 36 வந்தது. மாறுதல், தேர்வு, மரபு. டார்வின் சொன்ன மூன்றும் நம் வரப்போரத்திலே நடக்கின்றன! கண்டவர் யார் என்கிறீர்களா? களத்து மேட்டிலே நிற்கும் ஒவ்வோர் உழவரும் கண்டவர்.

கொள்ளை நோய்க் காலத்திலே கொரோனாக் கிருமி டெல்டாவாகவும், 2021 இறுதியில் ஓமைக்ரானாகவும் உருமாறியதை நாடே கண்டது. உயிர்க்கொல்லிக் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் என்று பெனிசிலினைக் கண்ட பிளெமிங் 1945-லேயே எச்சரித்தார். பரிணாமத்தைப் பொய்யென்று ஒதுக்குபவன், மருத்துவமனையிலே மருந்துச் சீட்டை நீட்டும்போது அந்தப் பொய்யின் தயவிலேதான் நிற்கிறான்.

களவு போன பக்கம்

இத்தனை சான்றும் இருக்க, நடந்தது என்ன? அமைச்சர் கேட்டது 2018-ல். 2023-ல், மத்தியப் பாடத்திட்டத்துப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலே "மரபும் பரிணாமமும்" என்றிருந்த பாடம், "மரபு" என்று சுருங்கி வந்தது. பரிணாமம் போயிற்று. டார்வினைப் பற்றிய குறிப்பு போயிற்று. படிமங்கள் உருவாகும் முறை போயிற்று. மனிதனின் பரிணாமம் போயிற்று. புவியில் உயிரின் தோற்றம் பற்றிய பெட்டிச் செய்தியும் போயிற்று. கொள்ளை நோய்க் காலத்துச் சுமையைக் குறைத்தோம் என்றனர். 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையொப்பமிட்டு எதிர்த்தனர்.

போன பக்கத்திலே இருந்தவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். முன்னே சொன்ன ஹால்டேன்! ஆங்கிலேயராய்ப் பிறந்து, 1957-ல் இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவிலும் புவனேசுவரத்திலும் ஆராய்ந்து, 1961-ல் இந்நாட்டுக் குடிமகனாகி, 1964-ல் இந்த மண்ணிலேயே கண்மூடியவர். தம் உடலையும் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு மாணவர் படிப்புக்காகக் கொடுத்தவர். நாட்டுப்பற்று, நாட்டுப்பற்று என்று பேசுவோர், இந்த நாட்டைத் தேடிவந்து குடியேறிய அறிஞனின் பக்கத்தைக் கிழித்தெறிந்தனர்.

"பன்னிரண்டாம் வகுப்பிலே இருக்கிறதே!" என்கின்றனர். இருக்கிறது, யாருக்கு? உயிரியல் எடுத்தவனுக்கு. வணிகவியல் எடுத்தவனுக்கு இல்லை; வரலாறு எடுத்தவளுக்கு இல்லை; பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடைகொடுத்து வயலுக்கும் திருப்பூர் ஆலைக்கும் செல்லும் ஏழைப் பிள்ளைக்கு இல்லவே இல்லை. மருத்துவனாகப் போகிறவனுக்கு மட்டும் மனிதன் எப்படித் தோன்றினான் என்ற அறிவாம். மற்றவனுக்குப் புராணம் போதுமாம்! அறிவை மேலே வைத்து அறியாமையைக் கீழே வைக்கும் இந்த அடுக்கு நாம் முன்பே அறிந்த அடுக்குத்தான். காதிலே ஈயம் காய்ச்சி ஊற்று என்ற காலத்தின் கடைசி வாரிசு இது.

தமிழ்நாட்டு அரசு 2019-ல் கொண்டுவந்த பத்தாம் வகுப்பு நூலிலே உயிரின் தோற்றமும் பரிணாமமும் பாடமாக இடம்பெற்றது. மகிழ்ச்சி. ஆனால் நூலிலே இருப்பது வேறு, நெஞ்சிலே ஏறுவது வேறு. அப்பாடத்தைத் தேர்வுக்காக ஒப்பித்துவிட்டு, "இதெல்லாம் மதிப்பெண்ணுக்கு, உண்மை வேறு" என்று பிள்ளையிடம் கண்சிமிட்டும் ஆசிரியர் இருப்பாரானால், பக்கத்தைக் கிழித்தவருக்கும் அவருக்கும் என்ன வேறுபாடு?

ஏன் இந்தப் பகை?

நீர் 100 பாகையிலே கொதிக்கிறது என்பதை எவரும் எதிர்க்கவில்லை. டார்வினை மட்டும் ஏன் எதிர்க்கின்றனர்? குரங்கின் மீதுள்ள வெறுப்பா? அனுமனைக் கும்பிடுவோருக்குக் குரங்கின்மீது வெறுப்பேது! பகை வேறு இடத்திலே இருக்கிறது.

முகத்திலிருந்து ஒருவன், தோளிலிருந்து ஒருவன், தொடையிலிருந்து ஒருவன், பாதத்திலிருந்து ஒருவன் பிறந்தான் என்பது இந்நாட்டின் பழைய உயிர்த் தோற்றக் கொள்கை. அது வெறுங் கதையாக நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்போம். அது சட்டமாயிற்று, குளத்துக்கும் கிணற்றுக்கும் கோவிலுக்கும் சுடுகாட்டுக்கும் வேலியாயிற்று. பரிணாமம் அந்த வேலியின் வேரையே வெட்டுகிறது. மனிதர் அனைவரும் ஆப்பிரிக்காவிலே தோன்றிய ஒரே குடியின் வழிவந்தோர். மனிதருக்குள் மட்டுமா? வயலின் நெல்லும், நெல்லை உறிஞ்சும் புகையானும், புகையானைச் சபிக்கும் நாமும், ஏறத்தாழ ஒரே மரபுக் குறியீட்டால் எழுதப்பட்ட ஏடுகள். முகத்திலே பிறந்த மரபணுவும் இல்லை, பாதத்திலே பிறந்த மரபணுவும் இல்லை. இப்போது நாம் கேட்கிறோம்: பாதத்திலிருந்து மனிதன் பிறந்ததைக் கண்டவர் யார்?

நேரடியாக மறுக்க இயலாதபோது விழுங்கப் பார்க்கின்றனர். 2019 சனவரியில் ஜலந்தரிலே கூடிய இந்திய அறிவியல் மாநாட்டிலே, ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர், டார்வினைவிடத் தசாவதாரமே சிறந்த பரிணாமக் கொள்கை என்றார். மீன், ஆமை, பன்றி, நரசிங்கம் எனும் வரிசை போதுமாம்! விஞ்ஞானம் என்றால், காணாததை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சொன்னது பொய்த்தால் தலைகுனிய வேண்டும். நீரிலிருந்து நிலத்துக்கு ஏறிய உயிர் இன்ன காலத்துப் பாறையிலே இருக்க வேண்டும் என்று கணித்து, கனடாவின் பனிநாட்டிலே தேடிய ஆராய்ச்சியாளர், 2004-ல் சுமார் 37 கோடியே 50 இலட்சம் ஆண்டுப் பழைமையுள்ள டிக்டாலிக் எனும் படிமத்தைக் கண்டெடுத்தனர். மீனின் செதிலும் இருந்தது, தரையிலே ஊன்றும் துடுப்பெலும்பும் இருந்தது. தசாவதாரத்தைக் கொண்டு எந்தப் பாறையிலே எதைத் தேடினார்கள், எதைக் கண்டார்கள்?

நம் பணி

1925-ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலே, பரிணாமத்தைக் கற்பித்தார் என்று ஜான் ஸ்கோப்ஸ் எனும் இளம் ஆசிரியர்மீது வழக்குத் தொடுத்து 100 டாலர் தண்டம் விதித்தனர். அதே 1925-லேதான் இங்கே சுயமரியாதை இயக்கம் பிறந்தது. தண்டத்துக்கும் தூற்றலுக்கும் அஞ்சாமல் அது ஏட்டிலே விஞ்ஞானத்தை எழுதியது. சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர் "குடி அரசு" ஏட்டிலும், 1935-ல் தாம் தொடங்கிய "புது உலகம்" ஏட்டிலும் உழைக்கும் மக்களுக்காக விஞ்ஞானம் எழுதினார். கல்லூரி வாயிலைக் காணாதவனும் அண்டத்தையும் அணுவையும் அறிய வேண்டும் என்பதே அந்த முன்னோடிகளின் எண்ணம். அந்த விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது நம் வேலை.

இளைஞர்களே, டார்வின் சொன்னார் என்பதால் நம்பாதீர்கள். "வேதம் சொல்லிற்று" என்பவனுக்கு "டார்வின் சொன்னார்" என்று விடையிறுத்தால், இரண்டு ஏடுகளை மோதவிட்டோமே அன்றி அறிவை வளர்த்தோமில்லை. ஏன், எப்படி, எதனால் என்று மூன்று படி இறங்கிச் சொல்லத் தெரிய வேண்டும். விடை இல்லாத இடத்திலே "இன்னும் தெரியவில்லை" என்று தலைநிமிர்ந்து சொல்லத் தெரிய வேண்டும். முதல் உயிரின் கதையிலே அந்தச் சொல் இன்றும் தேவைப்படுகிறது. அது தோல்வியின் சொல் அல்ல, அடுத்த சோதனையின் முதல் சொல். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகன் ஒவ்வொருவரின் கடமை என்று 1976-லேயே அரசமைப்புச் சட்டத்திலே எழுதியாயிற்று; எழுதியதைச் செயலாக்கும் கை நம்முடையதாக இருக்கட்டும்.

படிப்பகம் நடத்தும் தோழர்கள் ஒரு ஞாயிறன்று பிள்ளைகளைத் திருவக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். கல்மரத்தைத் தொட்டுப் பார்க்கட்டும். புகையான் விழுந்த வயலின் வரப்பிலே நின்று தேர்வும் மரபும் என்னவென்று பேசுங்கள். மத்தியப் பாடத்திட்டப் பள்ளியிலே படிக்கும் பிள்ளை உங்கள் தெருவிலே இருந்தால், அவன் நூலிலே இல்லாத பக்கத்தை நீங்கள் சொல்லிக் கொடுங்கள். கிழித்த பக்கத்தை ஊர்தோறும் நாம் வாசித்துக் காட்டினால், கிழித்தவர் கையிலே வெறுங் காகிதந்தான் மிஞ்சும்.